உன் பெயரில் வந்த புதிய வெர்ஷன்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். உனக்குப் பிடிக்காததும் இதில் இருக்கும்.

சித்தூரில், நம் பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்திருக்கிறேன். மாம்பழக் கூழ் ஃபேக்டரியின் புளித்த வாசனை ஜன்னல் வழியாக வருகிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு நீ டைப் செய்தது நினைவுக்கு வருகிறது.

திருப்பதி கண்காட்சிக்காக நீ எழுதிய புரோகிராம் பேக்கேஜை எல்லாக் கம்ப்யூட்டரிலும் இன்ஸ்டால் செய்யச் சொன்னார் சார். தெலுங்கு எழுத்தைத் தமிழ் எழுத்தாக மாற்றித் தருமே, அது. நகரிக்குப் போகவேண்டிய உன் அம்மா, தெலுங்கு போர்டு படிக்கத் தெரியாமல் தடா பஸ்ஸில் ஏறிவிட்ட அன்று அதை எழுதத் தொடங்கினாய். "யார் வேணும்னாலும் எடுத்துக்கட்டும்" என்று ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் வைத்தாய்.

பக்கத்தைத் திறந்தேன். உன் பெயர். அதன் கீழே போன வாரம் வெளியான புதிய வெர்ஷன். போன மழைக்காலத்திலேயே நீ காய்ச்சலில் போய்விட்டாய்.

"யாரோ குடுத்த பொட்டலத்த அப்பிடியே துன்னுவியாடி? உள்ள என்ன கீதுன்னு பிரிச்சுப் பாரு" என்று என்னைத் திட்டுவாய். பிரித்துப் பார்த்தேன். பழைய வெர்ஷனில் எழுத்து அட்டவணைகள் மட்டும். புதியதில், கம்ப்யூட்டரில் சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளை எடுத்து எங்கோ அனுப்பும் வரிகள்.

"சார், இது வேணாம்."

"ஏமம்மா, நம்ம புள்ள பேருதானே போட்டிருக்குது? பயம் எந்துக்கு?"

"அவ செத்துட்டா சார்!"

லேபே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

இதைச் செய்தவன் யாரென்று எனக்குத் தெரியும், முகம்தான் தெரியாது. திருப்பதி ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தபோது, 'பேக்கேஜை நான் பார்த்துக்கொள்கிறேன், ஓய்வெடு' என்று இணையத்தில் எழுதியவன். கையில் ஊசியோடு, உன் பெயரில் புதிய வெர்ஷன் வெளியிடும் உரிமையை அவனுக்குக் கொடுத்தாய். "உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம்டி" என்று சிரித்தாய். வரிவரியாகப் படிக்கச் சொன்ன நீ, அவனை மட்டும் ஏன் படிக்கவில்லை? இறந்தவர்கள் மேல் கோபப்படக் கூடாதாம். நான் படுகிறேன்.

இணையதளத்துக்குப் புகார் எழுதினேன். உறுதியானால் பக்கம் முழுவதையும் எடுத்துவிடுவார்களாம். உன் வெர்ஷன்களும் உன் பெயரும் சேர்ந்தே போகும். உன் பெயரை ஊர் பேர் தெரியாதவர்கள்கூடப் பார்த்த ஒரே இடம் அது. ஆனால் அந்தப் பெயரை நம்பி யாரோ இந்நேரம் இன்ஸ்டால் செய்துகொண்டிருப்பார்களே. அனுப்பிவிட்டேன்.

சற்று முன் பக்கம் காணாமல் போய்விட்டது.

உன் பழைய வெர்ஷன் என் பென்டிரைவில் இருக்கிறது. முதல் வரியில் உன் குறிப்பு: 'அம்மா பஸ் மாறி ஏறாம இருக்க.' அதையும் பிரித்துப் பார்த்த பிறகுதான் வைத்துக்கொண்டேன்.

இன்னும் திட்ட இருக்கிறது. சார் விளக்குகளை அணைத்துவிட்டார்.