பாதி முகத்தோடு ஒரு மதியம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று கடையில் பதினோரு பேருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டேன். அதில் ஒருவர் ஒன்பது சட்டங்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, முதலில் எடுத்ததற்கே திரும்பி வந்தார். எனக்குக் கோபமே வரவில்லை. கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருக்கிறவளுக்குக் கோபம் வராது போலிருக்கிறது. எல்லாமே கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் மங்கலாக, இதமாகத் தெரிகிறது.

ஒன்றைத் தவிர. நிச்சயத்தன்று நடந்தது இன்னும் உறுத்துகிறது. அன்று அக்காதான் மேக்கப் போட்டாள். கண்ணாடியைக் கழற்றி லென்ஸ் வைத்தாள், சுருட்டை முடியை நீட்டினாள், என் இடப் புருவத்து வெட்டைப் பென்சிலால் அடைத்தாள். நான் கட்டிக்கொள்ளப் போகிற லிஃப்ட்காரர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். அப்படியே என்னைத் தாண்டிப் போய், கண்ணாடி போட்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "லேட்டாயிடுச்சு, கோச்சுக்காத" என்றார். வீடே சிரித்தது. மாப்பிள்ளைக்குக் குறும்பு ஜாஸ்தி என்றார் மாமா. நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுக் குளியலறையில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

குறும்பா அது? அவர் முகத்தில் குறும்பே இல்லையே.

மார்ச் 7, சனி

எங்கள் கடை இருக்கும் கட்டடத்து லிஃப்ட் மறுபடியும் நின்றுபோனது. உள்ளே யாரும் இல்லை. எட்டு மாதத்துக்கு முன் இப்படி நின்றபோது உள்ளே நான் இருந்தேன். விளக்கும் போய்விட்டது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், "பயப்படாதீங்க, நான் லிஃப்ட் மெக்கானிக், பேசிக்கிட்டே இருங்க" என்றது. நாற்பது நிமிஷம் பேசினேன். பள்ளியில் என்னை 'அரைப்புருவம்' என்று கூப்பிட்டது வரைக்கும் சொல்லிவிட்டேன். முகம் தெரியாத ஆளிடம் எதையும் சொல்லலாம். கதவு திறந்ததும் அவர் என் முகத்தில் அந்த வெட்டைத்தான் முதலில் பார்த்தார். பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் விழுந்தேன்.

ஆனாலும் ஆசை ஆசைதானே. ஆறு வயதில் படியில் விழுந்ததிலிருந்து எனக்கு ஒரே கனவுதான் வரும். ஜன்னல் நிறைய வெளிச்சம், ஒரு நீளக் கண்ணாடி, அதில் இரண்டு முழுப் புருவத்தோடு நான். கனவில் நான் எதுவும் செய்வதில்லை. சும்மா நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா, அக்கா, நான் மூவரும் பெரிய பார்லருக்குப் போனோம். கல்யாண மேக்கப்பில் மூன்று வகையாம். இளவரசி, மகாராணி, பேரரசி. வரவேற்பிலிருந்த பெண் நிற அட்டைகளை என் கன்னத்தோரம் பிடித்துப் பார்த்தாள்.

"ரெண்டு ஷேடு தூக்கிடலாங்க. இதே கலர்ல போட்டா போட்டோல எடுபடாது."

"அவ கலருக்கு என்ன வந்துச்சு?" என்றாள் அம்மா.

ஆல்பத்தைக் கொடுத்தார்கள். இருபது மணப்பெண்கள். நாள் முழுக்க முகங்களை அளந்து பிழைக்கிறவள் நான். ஒரு முகத்தில் கண்ணுக்குக் கண் இருக்கிற தூரம் இன்னொன்றில் இருக்காது. ஆனால் அந்த இருபதும் ஒரே முகம். அக்கா பக்கத்துக்குப் பக்கம் உருகினாள். பொய் சொல்வானேன், இருபத்தோராவதாக அதில் போய் உட்கார எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. வெளியே வந்ததும் அம்மாதான் வேண்டாம் என்றாள்.

மார்ச் 11, புதன்

கல்யாணத்தன்று மாலை விருந்துக்கு வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி உடுத்த வேண்டுமென்று அக்கா பதினாலு பச்சைப் புடவை வாங்கியிருக்கிறாள். எனக்கும் சேர்த்து. பட்டாளம்தான்.

மார்ச் 14, சனி

எங்கிருந்து தொடங்குவது?

கூட வேலை செய்கிறவள் சொன்ன இடத்துக்குப் போனேன். சாவிக்கடைக்கு மேலே, ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படி. அறையில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, சுத்தமாகக் கழுவிக் காயவைத்த பிரஷ்கள். விளக்குப் போடவில்லை, பகல் வெளிச்சத்தில்தான் வேலை. மாடிக்காரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். துணைக்கு வந்த அக்காவை வெளியே அனுப்பிக் கதவைத் தாழ் போட்டார்.

"வேலை நடக்கறப்ப உள்ள யாரும் கூடாது. ஆளுக்கொண்ணு சொல்லுவாங்க. கடைசியில யார் முகம்னே தெரியாமப் போயிடும்."

அவருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. முதல் நாள் பாதி முகத்துக்குத்தான் போடுவார். என் இடப் பக்கத்தை எடுத்துக்கொண்டார். என் நிறத்திலேயே ஃபவுண்டேஷன், கண்ணுக்கு மை, கடைசியில் புருவம். வலப் பக்கம் கழுவித் துடைத்ததோடு சரி. முகத்தில் விழாமலிருக்க என் சுருட்டை முடியை இழுத்து வாரிக் கொண்டை போட்டிருந்தார்.

"இப்படியே தெருவுல போங்க. வெயில்ல பாருங்க, கடைக் கண்ணாடியில பாருங்க. எந்தப் பாதி வேணும்னு ஒரு வாரம் கழிச்சு வந்து சொல்லுங்க. என் ரூம் கண்ணாடியில எல்லாருமே அழகுதான்."

மூக்கில் தடம் விழுமாம், ஒரு மணி நேரம் கண்ணாடி போடக் கூடாது என்றார். அக்கா என் கோலத்தைப் பார்த்துவிட்டு, "உன்கூட நான் வரமாட்டேன்டி" என்று ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

கண்ணாடி இல்லாமல் தெருவில் இறங்கி நடந்தேன். எதிரே வந்தவர்கள் வெறும் நிறங்களாக வந்து நிறங்களாகவே போனார்கள். மரங்களுக்கு இலைகள் இல்லை, பச்சை மட்டும் இருந்தது. போக்குவரத்து விளக்குகள் பெரிதாக ஊதி, காற்றில் நின்றன. சத்தம்கூட தூரத்திலிருந்து வருவதுபோல் இருந்தது. ஒரு துணிக்கடைக் கண்ணாடியில் இடப் பக்கத்தைக் காட்டி நின்றேன். தெரியவில்லை. கிட்டே போனேன், மூக்கு முட்டும் வரைக்கும் போனேன். ஒரு முழுப் புருவம். அதன் கீழே அமைதியாக ஒருத்தி. இத்தனை வருஷமாக எங்கேயடி இருந்தாய் என்று கேட்டேன், வாய்விட்டே. கடைக்குள் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

பஸ் நிறுத்தத்தில் பெஞ்சின் வலது ஓரத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு நீலம் வந்து நின்றது.

"இங்க யாராவது வர்றாங்களா மேடம்?"

லிஃப்ட்காரரின் குரல். ஆயிரம் குரலில் கண்டுபிடிப்பேன். அவருக்கு வேலைக்கு நீலச் சட்டைதான். விளையாடுகிறார் என்று நினைத்தேன், நானும் விளையாடலாமென்று தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார். இடையில் கருவிப் பையை வைத்தார். எப்போது சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. போனை எடுத்துக் காதில் வைத்தார்.

என் கைப்பைக்குள் போன் அடித்தது.

அவர் என் பக்கம் லேசாகத் திரும்பி, "உங்க போன் அடிக்குது மேடம்" என்றார். மரியாதையாக. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்வதுபோல.

எடுத்தேன். "சொல்லுங்க" என்றேன்.

என் குரல் அவருக்கு இரண்டு காதிலும் கேட்டிருக்கும். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவரைப் பார்த்தேன். அப்படிப் பயந்துபோன ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை.

"எனக்கு முகம் நிக்காது" என்றார். "சின்ன வயசுலேருந்தே. கண்ணு தெரியும், மூக்கு தெரியும், எல்லாம் சேந்து யாருன்னு மட்டும் தெரியாது. எங்கம்மாவையே நடையை வெச்சுத்தான் கண்டுபிடிப்பேன்."

"என்னை?"

"கண்ணாடி, சுருட்டை முடி. அப்புறம் அந்தப் புருவத்து வெட்டு. அதைப் பாத்துட்டா போதும், நிம்மதியாயிடும்."

"அப்போ கல்யாணத்தன்னைக்கு?"

"உடுப்பை வெச்சு நீதான்னு தெரியும். ஆனா பக்கத்துல யாரோ நிக்கற மாதிரியே இருக்கும். நிச்சயத்துல மோதிரம் போடறப்ப அப்படித்தான் இருந்துச்சு. யாரோ ஒருத்தங்க கையைப் புடிச்சிருக்கோம்னு."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

எட்டு மாசமா சொல்லாம இருந்திருக்காரே. எங்கிட்டகூட சொல்ல முடியலன்னா அப்புறம் நான் யாரு? அரைப்புருவக் கதையை நான் முதல் நாளே சொல்லலையா?

சரி, கத்தியாயிற்று. இப்போது நிதானமாக.

வெட்டை அப்படியே விட்டால் என் கல்யாணத்தில் அவர் என் பக்கத்தில் நிற்பார், எனக்கு அந்த முழுப் புருவம் ஒரு நாளும் கிடையாது. அடைத்தால் எனக்குக் கிடைக்கும், அவர் யாரோ ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொள்வார். நான் என்ன கோட்டையா கேட்டேன்? ஒரே ஒரு நாள். இத்தனூண்டு மயிரளவு இடம்.

நேற்று போட்ட மேக்கப்பைக் கழுவவே மனசில்லாமல் சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்தேன். கழுவும்போது அழுகை வந்தது. எந்தப் பாதிக்காக அழுதேன் என்று தெரியவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

அவர் மூன்று முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

கடைக்கே வந்துவிட்டார். நாங்கள் ஐந்து பெண்கள், ஐந்து பேருக்கும் வெள்ளைக் கோட்டு, கண்ணாடி, வலை போட்டுக் கட்டிய கொண்டை. அவர் வாசலில் நின்று சட்டங்களைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வாடிக்கையாளரிடம் வாயைத் திறந்த பிறகுதான் என்னிடம் வந்தார். இத்தனை மாதமும் இப்படித்தான் வந்திருக்கிறார். என் குரலுக்குக் காத்திருந்திருக்கிறார். நான் அதைக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பிரிச்சு மாட்டின மெஷின் எதுவும் எனக்கு மறந்ததில்ல" என்றார். "வெளியேருந்து பாத்தா எல்லா லிஃப்டும் ஒண்ணுதான். உள்ள ஒவ்வொண்ணும் வேற. உனக்கு மேக்கப் போடறப்ப நான் உக்காந்து பாக்கறேன். கழுவின முகத்துலேருந்து, கடைசி வரைக்கும். கண்ணை எடுக்க மாட்டேன்."

"புருவத்தை அடைச்சிடுவாங்க."

"அடைக்கட்டும். அடைக்கறதைப் பாத்துட்டேன்னா, உள்ள வெட்டு இருக்குன்னு எனக்குத் தெரியும்ல."

அவர் மூக்குக்கு ஒரு சட்டம் மாட்டிப் பார்த்தேன். அவருக்குக் கண்ணாடி வேண்டியதே இல்லை. கிட்டே நின்று பார்க்கத் தோன்றியது, அவ்வளவுதான்.

மார்ச் 22, ஞாயிறு

"எந்தப் பாதி?" என்றார் மாடிக்காரம்மா.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பிரஷ்களைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"இருபது வருஷமா அந்தத் தாழைப் போட்டுட்டுத்தான் வேலை செய்யறேன். பெத்தவங்களையே உள்ள விட்டதில்ல. மாப்பிள்ளையை விடணுமா?"

"பேசவே மாட்டார்."

இன்னும் இரண்டு பிரஷ் கழுவினார்.

"ஸ்டூல்தான் இருக்கு, சாஞ்சுக்க முடியாது. தூங்கினா வெளிய அனுப்பிடுவேன்."

ஏப்ரல் 4, சனி

அக்காவுக்கு விஷயம் பாதிதான் தெரியும். "மேக்கப் போடறப்பவே மாப்பிள்ளை பாத்துட்டா அப்புறம் என்னடி சுவாரஸ்யம் இருக்கு?" என்று ஒரே புலம்பல். மீதியை நான் சொல்லவில்லை. சொல்வதென்றால் அவர்தான் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 12, ஞாயிறு

மண்டபத்து அறை. கூப்பிடுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

விடியும்போது மாடி அறையில் மாடிக்காரம்மா வேலையை ஆரம்பித்தார். நான் முகம் கழுவி உட்கார்ந்தேன். லிஃப்ட்காரர் ஸ்டூலில், முட்டியில் கை ஊன்றி. லென்ஸ் கடைசியில்தான் என்பதால் எதிரே கண்ணாடிக்குள் எல்லாம் கலங்கலாக இருந்தது. ஜன்னல் வெளுத்துக்கொண்டே வந்தது. என் முகம் எங்கே முடிகிறது, வெளிச்சம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. முடியை நீட்ட மட்டும் வேண்டாமென்று சொல்லிவிட்டேன், சுருட்டையோடேயே பின்னினார். பிரஷ்ஷின் சத்தமும் மூன்று பேர் மூச்சும்தான் அறையில். நான் வளர்ந்த கனவுக்குள் யாரோ ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. நன்றாக இருந்தது.

புருவத்துக்கு வந்ததும் மாடிக்காரம்மா பென்சிலோடு நின்றார். "அடைக்கவா, விடவா? இப்ப சொல்லுங்க."

விட்டுவிடலாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அடைங்கம்மா" என்றார் அவர் ஸ்டூலிலிருந்து. "நான் பாத்துட்டுதானே இருக்கேன்."

"பேசவே மாட்டார்னு சொன்னீங்களே" என்றார் மாடிக்காரம்மா. ஆனால் வெளியே அனுப்பவில்லை. மெல்ல, ஒவ்வொரு கோடாக அடைத்தார். லிஃப்ட்காரர் எழுந்து கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

கூப்பிடுகிறார்கள்.

மே 16, சனி

ஆல்பம் வந்தது. தரையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். முழுப் புருவத்தோடு நான் நூறு படங்களில் இருக்கிறேன். அழகாகத்தான் இருக்கிறேன். பத்தாவது படத்தில் பார்ப்பதை நிறுத்திவிட்டேன், பழகிவிட்டது. காலையில் கழுவின முகத்தோடு உட்கார்ந்திருந்தேன், வெட்டு இருந்த இடத்தில்தான் இருந்தது.

கடைசியில் மாலை விருந்துப் படங்கள். பதினாலு பச்சைப் புடவை, பதினாலு கொண்டை. எல்லோருக்கும் அக்கா ஒரே மாதிரி தலை வாரிவிட்டிருந்தாள், என் சுருட்டையையும் விடவில்லை. எனக்கே என்னைத் தேட வேண்டியிருந்தது.

"எங்க, இதுல நான் எங்க இருக்கேன் சொல்லுங்க பாப்போம்" என்றேன். வம்புக்குத்தான் கேட்டேன்.

அவர் படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். முதலில் தன்னைத் தேடினார். சாம்பல் கோட்டு போட்டவர் அங்கே ஒருவர்தான். அந்தக் கோட்டில் விரலை வைத்து, அங்கிருந்து நகர்த்திக்கொண்டே போய் ஒரு பச்சையில் நிறுத்தினார். நான்தான். அடுத்த படத்திலும் நான்தான். அதற்கடுத்ததில் மாமா என்னை முக்கால்வாசி மறைத்துக்கொண்டு நிற்கிறார், அதிலும் கண்டுபிடித்துவிட்டார்.

"எப்படி?"

"எல்லாப் படத்துலயும் நான் ஒரே ஆளைத்தான் பாத்துட்டு இருக்கேன். வேற யாரா இருக்கும்?"

இன்னும் ஒரு படம் இருந்தது. விரல் கோட்டிலிருந்து கிளம்பி, பச்சைகளையெல்லாம் தாண்டிப் போய் ஓரத்தில் நின்றது.

"இதுல நீ இல்ல" என்றார்.

"நல்லா பாருங்க. எல்லாரும் இருக்காங்க."

"நான் கதவைப் பாத்துட்டு இருக்கேன்."

எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று பேர்தான். லென்ஸ் உறுத்துகிறதென்று கழற்றப் போயிருந்தேன். போய்விட்டு வர ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.