காட்டுக்குள் கேட்கும் சீழ்க்கை

ஒட்டுசுட்டான்,
18-07-1965

அன்பு மகன் கனகலிங்கம் அறிய அம்மா எழுதுவது,

வற்றாப்பளை அம்மாளாச்சியின் காவலில் உன் ஐயாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டு நல்ல சுகத்துடன் இருக்க வேண்டுமென்று அவளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன் கடிதம் போன கிழமை வந்தது. ஆராய்ச்சியை இத்துடன் விட்டுவிட்டு ஊருக்கு வந்து எங்காவது வாத்தியார் வேலை பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறாய். தம்பி தவராசா உனக்காகக் குருவி பார்க்கப் போய்த்தானே யானையிடம் அகப்பட்டான், அவன் சாவின்மேல் ஏறி நின்று எப்படி டாக்டர் பட்டம் வாங்குவது என்று கேட்டிருக்கிறாய். ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். உன்னை வருத்தக்கூடாதென்று நாங்கள் எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது, அதை இப்போது எழுதத்தான் வேண்டும்.

மாசி மாதம் தேன் வாங்க முல்லைத்தீவுச் சரீப் வந்தார். கார்த்திகையில் காட்டில் கிடந்த தம்பியைத் தன் வண்டிலில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர்தான். அன்றைக்கு உள்ளே வரமாட்டாமல் வாசல் படலையடியில் நின்றபடி, "அக்கா, சொன்னால் பிழையாய் நினைக்கக் கூடாது, காட்டுக்குள்ள தம்பியின்ர விசில் கேக்குது, நான் என்ர காதால கேட்டனான்" என்றார். உனக்கும் தம்பிக்கும் காட்டில் ஒருவரையொருவர் கூப்பிட ஒரு சீழ்க்கை இருந்ததே, நீளமாய் இரண்டு, பிறகு மேலே ஏறிச் சட்டென்று முறிகிற ஒன்று, அதுதான். அன்றிலிருந்து ஐயா ஐயாவாக இல்லை. பொழுது சாயமுன் குளக்கட்டால் இறங்கிக் காட்டு ஓரத்தில் போய் நிற்பார், திரும்பி வந்தால் சோற்றைப் பிசைந்தபடியே இருப்பார். "அவன் கூப்பிடுறானப்பா, நான் போகப் போக உள்ளுக்குப் போறான்" என்பார். தம்பி விழுந்து கிடந்த பாலைமரம் வரைக்கும் தனியே போய்வந்திருக்கிறார். அந்தத் தனியன் யானை இன்னும் அந்தப் பக்கம்தான் திரிகிறது, இவரையும் காடு கொண்டுபோய்விடுமோ என்று அவர் வரும்வரை படலையடியிலேயே நிற்பேன். பக்கத்துக் காணி வீரகத்தி அண்ணர் வந்து, "வாழாமல் போன பிள்ளை அலையுது, மந்திரிக்கிற ஆளைக் கூட்டி வந்து ஒரு கழிப்புக் கழிச்சுக் கட்டிவிடுவம்" என்றார். என்ர பிள்ளையைக் கட்டவோ என்று நான் கத்திவிட்டேன். அவர் போன பிறகு அழுதேன். மகனே, எனக்கும் அதைக் கேட்க ஆசையாய் இருந்தது. பேய் என்றாலும் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் போலிருந்தது.

பங்குனியில் ஒரு காலை ஐயாவுடன் நானும் போனேன். பாலைமரத்துக்கு இந்தப் பக்கம் வரும்போதே கேட்டது. சோறு கேட்டுக் குசினி வாசலில் நின்று ஊதுவது போல, தம்பியேதான். வீட்டில் அவனைக் கூப்பிடுகிறபடியே, தவம் என்று என்னை அறியாமல் கூப்பிட்டேன். பதிலுக்கு அதே சீழ்க்கை வந்தது. அந்த நேரம்தான் புலுனியும் வேறு சின்னக் குருவிகளுமாய் ஒரு கூட்டம் கொப்புக்குக் கொப்பு இரை தேடிக்கொண்டு எங்கள் தலைக்கு மேலால் போனது, நீ ஆராய்கிற அதே கலப்புக் கூட்டம். அதற்குக் காவல் போல ஒரு கரிச்சான் காய்ந்த கொப்பில் இருந்தது. பருந்து போலக் கத்தியது, அணில் போலக் கத்தியது, பிறகு சொண்டைத் திறந்து என் பிள்ளையின் சீழ்க்கையை ஊதியது. கரிச்சான் கேட்ட சத்தத்தையெல்லாம் பழகித் தன் குரலோடு சேர்த்துக்கொள்ளும் என்று நீ முன்பு சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஐயாவின் கையைப் பிடித்துக் காட்டினேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு சருகின்மேல் அப்படியே குந்தி இருந்துவிட்டார். செத்தவீட்டில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதன் வாய்விட்டு அழுதார்.

குருவி என்று தெரிந்தால் மனம் ஆறும் என்றுதான் நீ நினைப்பாய். ஆறவில்லை. இப்போது அது எங்கள் வேலி வரைக்கும் வருகிறது, விடியப்புறம் அவன் கூப்பிடுகிறான், கதவைத் திறந்தால் முற்றம் வெறுமையாய் இருக்கிறது. வீரகத்தி அண்ணர் துவக்கோடு வந்து சுட்டுத் தருகிறேன் என்றார், எங்கள் நித்திரைக்காகத்தான் கேட்டார் பாவம். "துவக்கைத் தூக்கினியள் எண்டால் உங்களுக்கும் எனக்கும் கதை இல்லை" என்று ஐயா படலையைச் சாத்திவிட்டார்.

நீ அவனை அனுப்பியதாக இனி ஒருபோதும் எழுதாதே. அவன் கடைசியாய்ப் போன அன்று மழை இருட்டு, நான் மறித்தேன். "அம்மா, குருவிக் கூட்டம் இண்டைக்கு இஞ்சால வரும், வீட்டில இருந்தால் எனக்கு விசர் பிடிச்சிடும்" என்று சிரித்துக்கொண்டு போனான். உனக்கு உதவத் தொடங்கியவன்தான், ஆனால் கடைசியில் அவனுக்கே அந்தக் காட்டில் ஆசை வந்துவிட்டது. அவன் கண்டதை எல்லாம் நீ எழுதாமல் விட்டால் அவன் என்னத்தைப் பார்க்கப் போனான் என்று எனக்கு வேறு யார் சொல்வார்கள். படிப்பை முடி. முடித்துவிட்டு வா.

இன்னும் ஒன்று. அந்தக் கரிச்சான் வேலியோரத்துப் புளியில் கூடு கட்டியது, ஒரு குஞ்சு பறந்து நிற்கிறது. அதுவும் தம்பியின் சீழ்க்கையை ஊதப் பார்க்கிறது. நீளமான இரண்டும் வருகிறது, மேலே ஏறி முறிகிற கடைசி மட்டும் வருவதில்லை. நேற்றுக் காலை கிணற்றடியில் இருந்து பார்த்தேன். பிறந்ததிலிருந்து ஒருநாளும் சீழ்க்கை அடித்தறியாத உன் ஐயா, பொக்கைவாயைக் குவித்துக்கொண்டு, புளிக்குக் கீழே நின்று அந்தக் கடைசிச் சத்தத்தைத் திரும்பத் திரும்ப ஊதிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குஞ்சு பழகினால் அதன் குஞ்சும் பழகுமா, அப்படி எவ்வளவு காலம் போகும் என்று உன் பேராசிரியரிடம் கேட்டு எழுது. ஐயா கேட்கச் சொன்னார்.

சளிக்கு வேர்க்கொம்பும் பனங்கட்டியும் பார்சலில் வருகிறது, மறவாமல் அவித்துக் குடி. தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. அம்மாளாச்சி உன்னைக் கைவிடமாட்டாள், நீ நீடு வாழ வேண்டும்.

உன் முகம் பார்க்கக் காத்திருக்கும்
அம்மா
சிவனேஸ்வரி