காப்பும் கெர்னலும்

25-3-88, வெள்ளி. திண்டிவனம்
காப்பு கட்டும்போது இருந்தவர்கள்: நான், அவர், மகள் அம்சவள்ளி, நாத்தனார் குப்பம்மாள், பூசாரி. மகளுக்கு மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தால் மயிலம் முருகனுக்கு அவள் பால்குடம் எடுப்பாள் என்று நான் வேண்டியது. வேலை கிடைத்து, லீவு போட்டு வந்துவிட்டாள். பங்குனி உத்திரத்தன்று மயிலம் புறப்படும்வரை காப்பு கட்டியவள் ஊர் எல்லை தாண்டக் கூடாது.

26-3-88
மருந்துக்கடை போனில் அம்சவள்ளியுடன் வேலை செய்யும் தேவசகாயம் கூப்பிட்டான், அவள் எழுதினது ஓடவில்லை என்று. பேசிவிட்டு வந்தவள் சோறு தொடவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் சொன்னாள்.

ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குக் கம்பி வழியாகச் செய்தி துண்டு துண்டாகப் போகுமாம். மெஷினின் அடியாழத்தில் ஓடும் கெர்னல் என்ற புரோகிராமுக்குள் புகுந்து, துண்டு போகவேண்டிய இடத்தின் எண்ணை மாற்றுவது இவள் வேலை.

"நம்பர மாத்தினேம்மா, துண்டுலயே எழுதியிருக்கற கூட்டுத்தொகைய மாத்தல. அந்தப் பக்கம் மெஷினு கூட்டிப் பாக்கும். ஒத்து வரலன்னா தூக்கிப் போட்டுடும். சொல்லக்கூட சொல்லாது."

"முன்னாடி ஓடுச்சே?"

"பழகறப்போ அந்தச் சரிபார்ப்ப நிறுத்தி வெச்சிருந்தேன்."

வீட்டுக் கணக்கு எழுதுகிற எனக்கு இது புரியாதா? ஒரு வரியைத் திருத்தினால் கூட்டலையும் திருத்தணும். திங்கட்கிழமை மெஷினை வாங்குகிறவர்கள் பார்க்க வருகிறார்கள். ஓடாவிட்டால் வேலை போகும். வேறு ஆள் தொட்டால் மெஷினே நின்றுவிடுமாம்.

27-3-88, காலை
தூக்கமில்லை. வேலைக்காக வேண்டியது — அந்த வேண்டுதலே வேலையைப் பறிக்குமா?
அவள் மெட்ராஸ் போகட்டும் என்றேன். குப்பம்மாள் விடவில்லை. "சாமியவிட மிஷினு பெருசாப் பூடுச்சா அண்ணி? காப்போட எல்லை தாண்டினா குத்தம்."
நான் என்ன செய்ய, முருகா?

மாலை
அவள் கைக் காப்பை அவிழ்த்து என் கையில் கட்டிக்கொண்டேன். வேண்டினவள் நான்தானே. பூசாரி முகம் சுளித்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்று மணி பஸ்ஸில் அனுப்பிவிட்டேன்.

28-3-88
போன் வரவில்லை.

30-3-88
குப்பம்மாள் என்னோடு பேசி இரண்டு நாள் ஆகிறது. இன்று அவளே கேட்டாள்: "ஆபீசுலருந்து சேதி எதுனா வந்துச்சா அண்ணி?" இல்லை என்றேன். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.
குற்றம் ஆகுமோ என்ற பயம் போய்விட்டது. அவள் வேலை என்ன ஆச்சோ என்ற பயம்தான் போகவில்லை. நேரில் போய்ப் பார்க்கவும் முடியாது. இப்போது எல்லை தாண்டக் கூடாதவள் நான். கார்டு எழுதிப் போட்டேன்:
"அம்சா, துண்டெல்லாம் போய்ச் சேர்ந்ததா? வேலை இருக்கிறதா, இல்லையா? எதுவானாலும் ஒரு வரி சீக்கிரம் எழுது."