மேல்வீட்டு மூன்று தட்டு

9 நவம்பர், ஞாயிறு. பின்னேரம் இடியோடு மழை.

ஃபிளாட் கூட்டம், கீழே கார் விடுகிற இடத்தில். வந்தவர்கள்: தலைவர் சில்வா மாத்தயா, நாலாம் மாடி டொக்டர் அம்மா, முதலாம் மாடி மாஸ்டர், காவலாளி, மேல்வீட்டு றிசானா, அவள் கணவன், எங்கள் வீட்டில் இவர், நான். எட்டுப் பேர். வராதது என் அக்கா. மேல்வீடு அவளுடையது, அவள் லண்டனில்.

விஷயம் மூன்று. தண்ணீர்த் தொட்டி, குப்பை, சத்தம். சத்தம் என்றால் நான். ஒன்றரை மாதமாய் வாடகைக்கு இருக்கிற றிசானா எழுதிக் கொடுத்திருக்கிறாள்: கீழ்வீட்டு ஆன்ட்டி கம்பால் சீலிங்கில் இடிக்கிறா, பிள்ளை பயந்து அழுகிறது.

மாஸ்டர் சொன்னார்: "விடிய மணி அடிச்சுத் தேவாரம் படிக்கிற மனுசி. பின்னேரம் மற்ற வேலையாக்கும்!" எல்லாரும் சிரிப்பு. இவர்தான், "இனி நடக்காது."

10, திங்கள். வெயில். உடுப்பு காய்ந்தது.

கூட்டத்தில் சொல்லாததை இங்கே.

அக்கா வருடா வருடம் தையில் வந்து இரண்டு மாதம் மேலே இருப்பாள். அவளுக்கு முழங்கால் வருத்தம். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. தேத்தண்ணி கொதித்தால் இஞ்சி இடிக்கிற கல்லுரலை நிலத்தில் வைத்து மூன்று குத்து: வா. நான் ஒட்டடைக் கம்பால் சீலிங்கில் மூன்று: வாறன். அடுப்பில் ஏதும் இருந்தால் ஒன்று: பொறு. "போன் எதுக்கு வேண்டித் தந்தது?" என்று இவர் ஏசுவார்.

போன மாதம் வெண்டிக்காய் வெட்டிக்கொண்டு நின்றேன். மேலே மூன்று குத்து. கை தன்பாட்டில் கம்பை எடுத்தது.

நாலு தரம் தட்டியிருக்கிறேன். முதல் தரம் மறந்துபோய். மற்ற மூன்றும் அக்கா இல்லை என்று தெரிந்துகொண்டே. பிள்ளையாரே, உமக்குத் தெரியும்.

12, புதன். விடாத மழை. அரிசிமா முடியப்போகுது.

கொழுக்கட்டை அவித்தேன். படைத்ததை அவர்கள் சாப்பிடமாட்டார்கள் என்று, படைக்க முதலே பத்து தனியாக எடுத்து வைத்து, மேலே கொண்டுபோனேன். மன்னிப்புக் கேட்க.

கதவு திறந்ததும் கண்ணில் பட்டது அக்காவின் உரல். றிசானா அதில்தான் இஞ்சி இடிக்கிறாள். அதுதான் அதே சத்தம்.

"நாங்க மெல்லத்தான் இடிக்கிற, ஆன்ட்டி. இனி துணி விரிச்சி இடிக்கிறேன்."

"வேண்டாம் பிள்ளை. நல்லா இடி." அக்காவும் நானும் தட்டுகிற கதை முழுக்கச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "அல்லாஹ்! நான் அத சண்டைன்டு நெனச்சி எழுதியும் குடுத்துட்டேனே!"

பிறகு சிரிப்பு நின்றது. "அப்ப ஆன்ட்டிக்குத் தெரியாதா? வீடு பாக்க ரெண்டு பேர் வந்துட்டுப் போனாங்க. அக்கா விக்கப் போறாங்களாம். உரலையும் எங்களையே வச்சிக்கச் சொன்னாங்க."

லிஃப்ட் ஓடியது. படியால் இறங்கினேன்.

13, வியாழன். மூட்டம். கடல் இரைச்சல் வீட்டுக்குள் வரை.

ஞாயிறு கூட்டத்துக்கு முதல்தான் அக்கா போனில் முக்கால் மணித்தியாலம் கதைத்தவள். குளிர், முழங்கால், மருமகளின் சமையல். வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பின்னேரம் நாலேகால். மேலே மூன்று குத்து. அளவாய், இடைவெளி விட்டு. இஞ்சி இடிக்கிற சத்தம் இல்லை. றிசானா கூப்பிடுகிறாள்.

கம்பு கையில். தட்டவில்லை.

14, வெள்ளி. கோயில். அக்கா பேருக்கு அர்ச்சனை. ஐயர் நட்சத்திரம் கேட்க, என்னுடையதைச் சொல்லிவிட்டேன். தேங்காய் நல்லாய் உடைந்தது.

நாலேகாலுக்குத் திரும்பவும் மூன்று.

அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது, பிரதி:

"அக்கா, வீட்டை விக்கிறது உன்ர விருப்பம். அதைக் கேக்கேல்லை. தையில நீ வாறியோ இல்லையோ? மேல்வீட்டுப் பிள்ளை உன்ர உரலால ரெண்டு நாளாய் என்னைத் தேத்தண்ணிக்குக் கூப்பிடுறாள். நான் இன்னும் திருப்பித் தட்டேல்லை. கெதியாப் பதில் போடு."