பிள்ளை பெற்றவளின் அறையில் அடைக்கப்பட்ட காற்றுத் துவாரங்களும் என் அம்மாவின் மேல் விழுந்த பழியும்

அனுப்புநர்:
நா. மிதுனா,
இல. 14/6, மூன்றாம் மாடி,
வெள்ளவத்தை, கொழும்பு 06.

பெறுநர்:
சுகாதார வைத்திய அதிகாரி அவர்கள்,
கொழும்பு 06.

விடயம்: கரித்தணலால் நேர்ந்த விபத்தும், அதுபற்றி வீட்டு உரிமையாளர் கூறிய பொய்யும்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் வேலைகளுக்கிடையில் இதை வாசிக்க வைப்பதற்கு மன்னிக்க வேண்டும். நேரில் சொல்லத்தான் வந்தேன். வரிசையில் என் முறை வந்ததும், பின்னால் நின்றவரை முன்னே விட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

1. மார்கழி மழையோடு என் அக்கா நிருஷாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்கள் வழக்கப்படி தாயையும் பிள்ளையையும் குளிர் அண்டாமல் வைத்திருப்போம். தலைக்கு வார்த்த பின், சட்டியில் சிரட்டைக்கரித் தணல் இட்டு, சாம்பிராணி போட்டு, தலை காயும்வரை கட்டிலருகே வைப்போம். ஊரில் ஓட்டு வீட்டில் கூரை இடைவெளியால் காற்று வந்துபோகும். இங்கே அதையே கண்ணாடி யன்னல் சாத்திய அறையில் செய்தோம். அது எங்கள் பிழை. அதை நான் மறைக்கவில்லை.

2. அந்த அறையில் யன்னலுக்கு மேல் இரண்டு காற்றுத் துவாரங்கள் உண்டு. உரிமையாளர் திரு. சவுந்தரநாயகம் ஏசி பூட்டியபோது அவற்றைப் பலகையால் அடைத்துவிட்டார். தணல் வைக்கப்போகிறோம், பலகையைக் கழற்றித் தரலாமா என்று அம்மா அவரிடம் கேட்டார். நானும் அருகில் நின்றேன். "பச்சை உடம்புக்காரி இருக்கிற அறைக்க காத்து வரக்கூடாது தங்கச்சி. யன்னலையும் நல்லா மூடி வையுங்கோ" என்றார். பின்னேரம் ஒரு பை சிரட்டைக்கரியும் வாங்கி அனுப்பினார். அப்பாவின் செத்தவீட்டில் முன்நின்று எல்லாம் பார்த்தவர் அவர். நாங்கள் மாமா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சொன்ன பிறகு எங்களுக்கு வேறு யோசனை வரவில்லை.

3. மறுநாள் காலை தலைக்கு வார்த்துத் தணல் வைத்த பின் அக்கா தலையிடி என்றாள். குளிராலாக்கும் என்று அம்மா இன்னும் கொஞ்சம் கரி போட்டார். சாம்பிராணி மணத்தைத் தவிர வேறு மணம் இல்லை. சற்று நேரத்தில் அக்கா கூப்பிட்டும் விழிக்கவில்லை. அம்மாவின் சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஷிஹாரா அக்கா ஓடிவந்து, யன்னலைத் திறந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனார். அக்காவை நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூடிய அறையில் தணலிலிருந்து வரும், மணமில்லாத நச்சு வாயுதான் காரணம் என்று அங்கே சொன்னார்கள். இருவரும் பிழைத்துவிட்டார்கள். கதைக்கும்போது அக்காவுக்கு இன்னும் சொற்கள் வராமல் நிற்கின்றன.

4. நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது. மொழிபெயர்க்க மாமா நின்றார். அம்மா அவரையே காட்டி, "இவரிட்டைக் கேட்டுத்தான் மூடினனாங்கள்" என்றார். அவரோ சிங்களத்தில், தான் பலமுறை தடுத்தும் இந்த மனுசி கேட்கவில்லை என்று சொன்னார். தான் சொன்னதைத்தான் அவர் சொல்கிறார் என்று நம்பி அம்மா தலையாட்டிக்கொண்டு நின்றாராம். வாசலில் பிள்ளையோடு நின்ற ஷிஹாரா அக்காவுக்கு இரண்டு மொழியும் தெரியும்; அவர்தான் இதை எனக்குச் சொன்னார். அவர் குறுக்கிட்டபோது, இது எங்கள் குடும்ப விசயம் என்று மாமா தடுத்துவிட்டார்.

5. நானும் அக்காவும் வீடு திரும்புமுன் பலகைகள் கழற்றப்பட்டு, ஆணித் துளைகளுக்குப் புதுப்பூச்சு பூசப்பட்டிருந்தது. பலகைகள் மொட்டைமாடியில் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் கிடக்கின்றன. நான் தொடவில்லை. அவரிடம் கேட்டபோது, "நீ படிச்ச பிள்ளை. பெரிசாக்காதை. கொம்மா மறந்திடுவா" என்றார். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். நான் தெரிவானபோது மாடி மாடியாக ஏறி இனிப்புக் கொடுத்தவரும் இதே மாமாதான்.

ஆகவே, தமிழ் தெரிந்த ஒருவரோடு பரிசோதகரை மறுபடி அனுப்பி, அம்மாவிடமும் ஷிஹாரா அக்காவிடமும் வாக்குமூலம் பெற வேண்டும். உரிமையாளர் தன் மற்ற வீடுகளிலும் இதேபோல் அடைத்திருக்கிறார். அவற்றைத் திறக்கச் செய்ய வேண்டும். பிள்ளைக்குத் தாயின் உடம்புச் சூடும் நல்ல உடுப்பும் போதும், மூடிய அறையில் தணல் வேண்டாம் என்று பிள்ளைபெற்ற வீடுகளுக்கு இரு மொழியிலும் அறிவிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கேட்கலாமோ தெரியாமல் கடைசிவரை எழுதாமல் வைத்திருந்தேன். அம்மா அன்றிலிருந்து பிள்ளையைத் தூக்குவதில்லை. பிள்ளை அழுதால் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். நான் ஆறுதல் சொன்னால், மகள் அப்படித்தான் சொல்லுவாள் என்கிறார். விசாரணை முடிந்த பின், உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, அம்மா கேட்டுவிட்டுத்தான் மூடினார் என்பது தெரியவந்தது என்று அவரிடம் தமிழில் சொல்ல வேண்டும். நடுவில் யாரும் நின்று மொழிபெயர்க்காமல்.

இடம்: வெள்ளவத்தை
திகதி: 12.01.2026

பணிவுடன்,
நா. மிதுனா