கைப்பேசியில் தெரிந்த சாலை

உன் கோல் இப்போது என் வீட்டில் இருக்கிறது. "அப்பா ஞாபகமா நீங்களே வச்சுக்குங்க மாமா" என்று உன் மகள் நேற்று ரவாங்கிற்குக் கொண்டுவந்து கொடுத்தாள். பொத்தானை அழுத்திச் சுவரை நோக்கி நீட்டினேன். கைப்பிடி உர்ரென்று அதிர்ந்தது. சார்ஜ் இன்னும் இருக்கிறது. நீ போய் மூன்று மாதம் ஆகிறது.

இனிப்பு நீர் வியாதி உன் இரண்டு கண்ணையும் கொண்டுபோன பிறகு அவள் வாங்கித் தந்த கோல். எதிரே சுவரோ காரோ ஆளோ இருந்தால் அதிரும். "எம் பொண்டாட்டிகூட இவ்ளோ சீக்கிரம் சொன்னதில்லலா" என்று சிரித்தாய். ஆனால் அதற்குப் பள்ளம் தெரியாது. அசாம் ஜாவா ஊரில் உன் வீட்டிலிருந்து சாப்பாட்டுக் கடைவரை சாலையோரம் முழுக்கக் கால்வாய், பாதிக்கு மூடி கிடையாது. அதனால்தான் நாம் அந்த ஏற்பாடு செய்துகொண்டோம். காலையில் நீ கைப்பேசியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வீடியோவில் அழைப்பாய். நான் இங்கே ரவாங்கில் தொழிற்சாலை கன்டீனில் உட்கார்ந்து உன் பாதையைப் பார்த்துப் பார்த்துச் சொல்வேன்.

நமக்கு அது புதிதா என்ன? செம்பனைக் குலை ஏற்றிய லோரியை நீ ஓட்ட, பின்னால் நின்று "கோஸ்தான், கோஸ்தான்" என்று பின்னுக்கு வரச் சொன்னவன் நான்தானே. அந்தப் பழக்கத்தில் ஒருநாள் உன்னையும் "கொஞ்சம் கோஸ்தான்" என்றுவிட்டேன். கடை வாசலிலேயே நின்றுவிட்டாய்.

"நான் என்ன லோரியாடா? ஹாரன் வேற அடிக்கணுமா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தது எனக்கும் கேட்டது. யார் கையையும் பிடிக்காமல் போய் ஒரு குவளை தே தாரிக் குடித்துவிட்டு வருவது உனக்கு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை லைன் சரியில்லை. திரையில் சாலை காலியாக இருந்தது. "நேரா வா" என்றேன். படம் அப்படியே நின்றுபோயிருந்ததை நான் கவனிக்கவில்லை. அதற்குள் நீ நாலைந்து அடி தள்ளிப் போயிருந்தாய். என் குரல் மட்டும் உன்னிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. தொம்மென்று சத்தம் கேட்டது. திரையில் அப்போதும் அதே காலிச் சாலைதான். உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். ரவாங்கில் உட்கார்ந்துகொண்டு வேறு என்ன செய்ய முடியும்?

கால்வாயில் விழுந்து காலில் பட்ட காயம் ஆறவில்லை. உனக்கு ஆறாது என்று எல்லாருக்கும் தெரியும். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. அதற்கு மேல் உன் உடம்பு தாங்கவில்லை.

மருத்துவமனையில் மகளிடம் நீயே சொன்னாய்: "மாமா சரியாத்தாம்மா சொன்னாரு. நாந்தான் காலைத் தப்பா வச்சிட்டேன்."

கட்டில் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இல்லை என்று தலையை ஆட்டினேன், கண் தெரியாத உன்னிடம். அவள் குனிந்து மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் நின்றுபோயிருந்ததைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீ தடவித் தடவி என் கையைப் பிடித்தாய்.

"என்னடா சத்தமே காணோம்? லைன் கட்டாயிடுச்சா?"

அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.