முருங்கைப் பொடி டப்பாவைத் திறக்காதீர்கள்

ஷாஜாதி அத்தாவுக்கு,

கடையிலிருந்து நாஸ்தாவுக்கு வந்ததும் அடுப்படிக்குப் போகாமல் முதலில் இதைப் படியுங்கள். முருங்கைக்கீரைப் பொடி டப்பாவைத் திறக்கவே கூடாது.

முந்தாநாள் கீரை காயப்போட்ட பாயிலேயே, உங்கள் மூச்சிழுப்புக்குப் புகை பிடிக்கிற ஊமத்தை இலையையும் ஓரமாகப் பரப்பியிருந்தேன். "ரெண்டையும் ஒண்ணா இன்னாத்துக்குக் காய வக்கிறே? அது வெசம்" என்று கத்தினீர்கள். "எல்லாம் எனக்குத் தெரியும், நீங்க போங்க" என்று நானும் கத்தினேன். காற்று அடித்து இரண்டும் கலந்திருக்கிறது. காய்ந்து நொறுங்கினால் எல்லாம் ஒரே பச்சைதானே, அப்படியே வாரி இடித்துவிட்டேன். இப்போது பாயைப் பார்த்தால் ஊமத்தை இலை பாதிகூட இல்லை.

அந்தப் பொடியில் ஒரு பொட்டலம், பால் ஊறட்டும் என்று நம் மகள் ஷாஜாதிக்கு அனுப்பிவிட்டேன். பக்கத்து வீட்டு அமீர் விடியற்காலை பஸ்ஸில் மகாபலிபுரம் கொண்டுபோய்விட்டான். பிள்ளை பெற்றவள், மதியம் முதல் கவளம் அதைத்தான் பிசைவாள். கடைக்கு வந்து சொல்ல நேரமில்லை, ஒன்பது மணி பஸ்ஸுக்கு ஓடுகிறேன்.

ரசமும் சோறும் மூடி வைத்திருக்கிறேன். அதில் பொடி இல்லை.

உங்கள் பேச்சைக் கேட்டிருக்கலாம்.

இன்னொன்று. பொடியில் உப்புப் பார்க்கக் காலையில் நானும் ஒரு கவளம் தின்றேன். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தும் நாக்கு ஒட்டுகிறது. எழுதுவதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. ரசம் கிடக்கட்டும், நீங்களும் உடனே கிளம்புங்கள். வழியில் நான் விழுந்து கிடந்தாலும் நிற்காதீர்கள். நேரே மகளிடம் போங்கள்.